டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு துண்டுத் தோல்

அண்ணன் செத்து ஒரு வருடம் ஆகியும் அந்தக் கார் என் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஆம்பூரிலிருந்து காட்பாடி ஸ்டேஷனுக்கு அவர் வாடகை ஓட்டிய பழைய கார். எழுபதுகளின் கடைசியில், பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில், பட்டப்பகலில் புளியமரத்தில் மோதினார். காருக்கு முன்பக்கம் ஓரமாக நசுங்கியது, அவ்வளவுதான். ஆளைக் கொன்றுவிட்டு அது மட்டும் முழுசாகத் திரும்பி வந்தது எனக்குத் தாங்கவில்லை.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் தீர்ப்பு சொல்லிவிட்டது. அண்ணன் ஒரு காலத்தில் குடித்தவர்தான். மகள் பிறந்ததும் விட்டுவிட்டார். குடித்ததைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர், விட்டதைப் பார்க்க ஒருத்தனுக்கும் கண் இல்லை.

அண்ணி ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் யாராவது முணுமுணுத்தால் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போவார். "நீதான் கூட இருந்து ஊத்திக் குடுத்தியா?" என்று நேருக்கு நேர் கேட்பார். என்னிடமும் ஒருநாள் சொன்னார்: "அன்னிக்கு அவரு ஒரு சொட்டு தொடல தம்பி. அது ஒண்ணு ஊருக்குத் தெரிஞ்சா போதும் எனக்கு. வேற இன்னா வேணும்?" அழாமல்தான் சொன்னார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் டேனரியில் ஃபிட்டர். தோல் ஊறும் பெரிய மர டிரம்களைப் பழுது பார்ப்பது என் வேலை. வண்டி வேலையும் ஓரளவு தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை எடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். தண்டோடு சேர்ந்து ஆடியது. நான் மேலே தூக்கினால் அந்தப் பக்கம் யாரோ கீழே இழுப்பதுபோல் இருந்தது. கையை எடுத்துவிட்டேன். வெயிலில் உட்கார்ந்திருந்தும் குளிர்ந்தது.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஸ்டியரிங் தண்டைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் அங்கே இருக்கும். அதற்குள் ரப்பர் பேக்கிங் இருக்க வேண்டும். இருந்தது ஒரு துண்டுத் தோல்.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. கதவு ஆடினால் தோல், சைக்கிள் சீட் ஆடினால் தோல், கைப்பம்பு ஒழுகினால் தோல். எது ஆடினாலும் கை முதலில் தேடுவது அதைத்தான். ஆனால் முன்கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் இறங்கி அந்தத் தோல் நனைந்திருக்கிறது, உப்பியிருக்கிறது. பிறகு வேலூர் வெயிலில் காய்ந்து சுருங்கிவிட்டது. மேலே பிடி விட்டதும் தண்டு ஆட ஆட, கீழே சக்கரங்களைத் திருப்பிவிடும் ஸ்டியரிங் பாக்ஸின் போல்ட்டுகளும் தளர்ந்திருக்கின்றன. ஒரு போல்ட் விழுந்தே போயிருந்தது. வளைவில் அவர் திருப்பியிருக்கிறார், வண்டி திரும்பவில்லை.

படுத்தபடியே அழுதேன். துக்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அண்ணன் குடிக்கவில்லை!

புது ரப்பர், புது புஷ், ஸ்பிரிங் வாஷரோடு புது போல்ட்டுகள் எல்லாம் போட்டேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்தேன். பாலாற்றங்கரைப் பொட்டலில் மெதுவாக ஓட்டி, மறுபடி முடுக்கினேன். இம்மிகூட ஆடவில்லை. அதன் பிறகுதான் ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன்.

"அண்ணி, அண்ணன் குடிக்கல. இதோ சாட்சி," என்று தோலை அவர் கையில் வைத்தேன். மழை, வெயில், போல்ட் என்று வரிசையாக விளக்கினேன். வக்கீல் மாதிரி பேசினேன் போலிருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தோலைத் திருப்பித் திருப்பி அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஓரம் சீவினது நான்தான் தம்பி," என்றார். "ஸ்டியரிங் ஆடுது, துண்டுத் தோல் இருந்தா எடுத்துட்டு வான்னு கேட்டாரு. இருக்கறதுலயே நல்லதா பார்த்து, பதமா சீவிக் குடுத்தேன்."

"அது உங்க தப்பு இல்ல அண்ணி," என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாத."

"ஊர் பேசறது?"

"பேசட்டும்."

அதோடு அண்ணி சண்டை போடுவதை விட்டுவிட்டார். கம்பெனியில் யார் என்ன சொன்னாலும் குனிந்து சாப்பிட்டார். நான் அந்தக் காரை எண்பதுகளிலும் ஓட்டினேன். பள்ளிகொண்டா வளைவு வந்தால், எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்று தெரிந்தும், அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுக்கிறார்கள் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பேன்.

அண்ணன் மகள் பெரியவளான பிறகு ஒருநாள் என் எதிரிலேயே அண்ணியிடம் கேட்டாள்: "அப்பா குடிச்சிட்டுத்தான் வண்டி ஓட்டினாராமா?"

அண்ணி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஆமா," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண் அப்பா படத்துக்குப் பூ வைப்பதில்லை. அண்ணிதான் வைப்பார், மகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.