குத்தாலம் ரெமிஜியஸ் போட்ட பிரீமியக் கணக்கு

குத்தாலம் கடைத்தெருவில் ரெமிஜியஸைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் வெளியூர்க்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, பைக்கில் தொங்கும் ரெக்சின் பை. முத்துப்பேட்டை வரைக்கும் அவருக்கு ஆள் உண்டு. ஒரு வீட்டுக்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், அந்தக் குடும்பத்துக்கு வருஷப் பிரீமியம் எவ்வளவு வரும் என்று மனசுக்குள் போட்டுவிடுவார். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருடைய கால் வீங்கியிருக்கிறது, டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற மாத்திரை டப்பா யாருடையது, எல்லாம் அந்த ஒரு டம்ளருக்குள் தெரிந்துவிடும். இதை ஒரு கலை என்று அவர் சொல்லிக்கொள்வார். கசாப்புக்கடைக்காரர் ஆட்டைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வதும் அதே கலைதான்.

"தனித்தனியா போட்டா அவங்கவங்க வயசுக்குப் பிரீமியம். குடும்பத்துக்கு மொத்தமா போட்டா, இருக்கறதுலயே மூத்தவங்க வயசுக்குத்தாங்க விழும்" என்பார். "உங்கம்மாவ சேத்தா முப்பத்தெட்டாயிரம். அவங்கள எடுத்துட்டா பத்தொம்பது. யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த அம்மா அங்கேயேதான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். மகன் தரையைப் பார்ப்பான், மருமகள் சுவரைப் பார்ப்பாள். கடைசியில் அந்த அம்மாவே, "எனக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கேன். என்னைய விட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லிவிடுவார். ரெமிஜியஸ் பேனாவைத் திறப்பார். இப்படி அவர் எத்தனை தாய்மார்களை எடுத்துவிட்டிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

அவருக்கு ஒரு அடி விழுந்தது முத்துப்பேட்டையில். அவரிடம் பாலிசி எடுத்திருந்த இரும்புக்கடை காதர் மைதீன் நெஞ்சுவலி என்று தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சர்க்கரை எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டியூட்டி டாக்டர் கேட்க, பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஜன்னத் பீவி, "அது இருக்கு சார், பத்து வருஷமா" என்று சொல்லிவிட்டார். உண்மையில் ஒன்றரை வருஷம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் டாக்டரிடம் யாரும் கம்மியாகச் சொல்வதில்லை. கம்மியாகச் சொன்னால் சாதாரணமாக நினைத்து, லேசான மாத்திரையாகக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று பயம். இரண்டு நாள் காய்ச்சல் என்றால் பத்து நாளாகக் கொதிக்கிறது என்பார்கள். சொன்னதை டாக்டர் எழுதினார், எழுதினதைக் கம்பெனி படித்தது. பாலிசி எடுத்து மூன்று வருஷம், வியாதிக்குப் பத்து வருஷம், பழைய வியாதியை மறைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பைசா கொடுக்கவில்லை. ஜன்னத் பீவியின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. ரெமிஜியஸ் ஒரு வருஷம் முத்துப்பேட்டைப் பக்கம் தலைகாட்டவில்லை.

அதற்குப் பிறகு அவர் பாலிசியோடு சேர்த்துப் பாடமும் எடுக்க ஆரம்பித்தார். பாலிசி போடுகிறவரை டெஸ்ட் எடுக்காதே, இலவச முகாம் பக்கம் போகாதே. ஆஸ்பத்திரியில் எது கேட்டாலும் போன வாரம்தான் தெரிந்தது என்று சொல். "ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாத வரைக்கும் வியாதியே இல்லைங்க" என்பார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். விஷயம் தெரிந்த மனுஷன் என்று பெயர் வாங்கினார்.

அந்த விஷயம் தெரிந்த மனுஷனின் வீட்டுக்குப் பாலிசி இல்லை. இருந்தது, பதினோரு வருஷம் விடாமல் கட்டிய பாலிசி. மகள் ஃபிளோராவைத் திருச்சியில் இன்ஜினியரிங் சேர்த்த வருஷம், ரினியூவலை அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளி, கெடு தாண்டிக் காலாவதியாக விட்டுவிட்டார். ஊரில் ஒருத்தர் ஒரு நாள் தாமதம் செய்தால் வீட்டு வாசலில் போய் நிற்கிறவர், தன் வீட்டில் இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மனைவி அமலி. பிறந்த வீட்டில் கொடுத்த இரண்டு மா நிலத்தைத் தானே நின்று நடவு பார்த்து, அறுப்புப் பார்த்து, நெல்லை மூட்டை கட்டுகிறவள். ஒரு தவக்காலத்தில், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வந்த சாயங்காலம், கதவைச் சாத்திவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க தொட்டுப் பாருங்களேன். கட்டி மாதிரி இருக்கு."

தொட்டுப் பார்த்தார். புளியங்கொட்டை அளவுக்கு, நகராமல், கெட்டியாக இருந்தது. இத்தனை வருஷம் மற்றவர்கள் உடம்பை எடை போட்ட மனுஷனுக்கு அது என்ன என்று விளங்காமல் இல்லை. கையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றார். அழுதார் என்றே வைத்துக்கொள்வோம். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத. ஃபிளோராகிட்டயும் சொல்லாத."

"பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஒரு தடவ காட்டிட்டு வந்துடுறேங்க. தஞ்சாவூர் எவ்வளவு தூரம்? அங்க சும்மாதான பாக்குறாங்க."

"சும்மாதான் பாப்பாங்க. சீட்டு போட்டுல்ல பாப்பாங்க? சீட்டுல தேதி இருக்கும். நாளைக்கு நல்ல ஆஸ்பத்திரிக்குப் போனா அந்தத் தேதி நம்மளக் கொன்னுடும்."

அப்போதுதான் பாலிசி காலாவதியானதைச் சொன்னார். அமலி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவளுக்கும் அவர் விஷயம் தெரிந்த மனுஷன்தான்.

ரெமிஜியஸ் கணக்கு இதுதான். உடனே புதுப் பாலிசி. முதல் ஒரு மாதத்துக்கு எதற்கும் பணம் கிடையாது. அதற்குப் பிறகு போகலாம், ஆனால் முதல் வருஷத்திலேயே பெரிய கிளைம் போனால் கம்பெனி ஆள் அனுப்பும். அவன் அக்கம்பக்கம், மருந்துக்கடை, லேப் என்று துருவுவான். ஒரு ரினியூவல் தாண்டிவிட்டால் அவ்வளவு துருவ மாட்டார்கள். ஆகவே ஒரு வருஷம். அந்தக் கட்டிக்கும் இந்த ஒரு வருஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கணக்கில் எங்கேயும் வரவில்லை. விண்ணப்பத்தில் நோய் உண்டா என்ற எல்லா வரிக்கும் இல்லை என்று போட்டார். அமலி கையெழுத்துப் போட்டாள்.

வைகாசியில், "கொஞ்சம் பெரிசான மாதிரி இருக்குங்க" என்றாள். "ஒனக்கு அதே நெனப்பு, அதான் அப்படித் தோணுது" என்றார். ஆவணியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஊர்க்காரர்களோடு நடந்தே போனாள். மாதாவிடம் என்ன கேட்டாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. கோயில் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வந்து, குளித்துவிட்டுத் தினமும் தடவினாள். ரெமிஜியஸுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எண்ணெய்க்குச் சீட்டு கிடையாது.

சம்பா அறுப்பு வந்தது. களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவளுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ரவிக்கையைக் காட்டினாள். உள்ளே துணி வைத்திருந்தாள், அதில் ஈரம்.

"இன்னும் எத்தன நாளுங்க?" என்றாள். கெஞ்சல்தான் அது.

"மாசிக் கடைசி. இவ்வளவு நாள் பொறுத்துட்ட. இப்ப போய் எல்லாத்தையும் கெடுத்துக்கணுமா?"

அமலி பொறுத்தாள். வைத்தியச் செலவுக்கு நிலத்தை ஒத்திக்கு விட்டிருந்தாலே போதும், பெரியாஸ்பத்திரியில் என்றால் அதுகூட வேண்டாம். ஆனால் ஊருக்கெல்லாம் தனி அறை, ஏசி, கையிலிருந்து ஒரு காசு செலவில்லை என்று விற்கிறவர், தன் மனைவியை வார்டில் படுக்கப் போடுவதா? அந்த ரோஷத்தைத்தான் அவர் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார்.

ரினியூவல் முடிந்ததாகச் செய்தி வந்த மறுவாரம் கார் வைத்துத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். கும்பகோணம் தாண்டும் வரைக்கும் பாடம் நடந்தது. எப்பலேர்ந்து? போன வாரத்துலேர்ந்து. வலி? இல்லை, அதனால கவனிக்கல.

டாக்டர் சின்ன வயசு. துணியை விலக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எப்பலேர்ந்தும்மா இருக்கு?"

"போன வாரம் குளிக்கறப்ப பாத்தேன் சார்."

"ஒரு வாரத்துல இப்படி வராதும்மா. பயப்படாம உண்மையச் சொல்லுங்க. எனக்கு அது தெரியணும்."

அமலி ஒரு முறை ரெமிஜியஸைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலியே இல்ல சார். அதனால கவனிக்கல."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இப்படியா அசட்டையா இருப்பீங்க? ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா, ஒரு ஆபரேஷனோட வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." அமலி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டாள்.

அப்போது ரெமிஜியஸ் வாயைத் திறந்தார். "நானும் சொல்லிக்கிட்டேதான் சார் இருக்கேன். எல்லாரையும் பாப்பா, தன் ஒடம்ப மட்டும் பாக்க மாட்டா."

இதைச் சொன்ன நாக்கு அழுகவில்லை. டாக்டர் ஆதரவாக அவர் தோளில் கை வைத்தார்.

கிளைம் பாஸாயிற்று. ஆபரேஷன், கீமோ, அறை வாடகை, ஒரு ரூபாய் வெட்டவில்லை. கம்பெனி ஆள் ஒருத்தர் சும்மா வந்து, கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். ரெமிஜியஸ் போட்ட கணக்கு எள்ளளவும் பிசகவில்லை. "என் வீட்டுக்கே எட்டு லட்சம் குடுத்துருக்கான் பாய்" என்று, சாத்துக்குடியோடு பார்க்க வந்த காதர் மைதீனிடம் வராந்தாவில் நின்று சொன்னார். அதைக் கேட்டுக் காதர் மைதீனே மருமகன் குடும்பத்துக்கு ஒரு பாலிசி கேட்டார். உள்ளே அமலி முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, வராந்தாவில் பேரம் படிவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவருஷம் தைக்குள் அது எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஃபிளோரா கடைசிப் பரீட்சைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ரெமிஜியஸ் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"யாருங்க?"

"கம்பெனிலேர்ந்து. ரினியூவல் வருதாம்."

அமலி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நான் இல்லாம, ஒங்களுக்கும் ஃபிளோராவுக்கும் மட்டும் போட்டா எவ்வளவு வரும்?"

"பதினெட்டாயிரத்து நானூறு."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஸ்பூன் நடுவழியில் நின்றது.

"போனக்கூடத் தொடல. கேட்ட ஒடனே சொல்றீங்க. எப்ப போட்டுப் பாத்தீங்க?"

தேதி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர், ஸ்பூனைக் கஞ்சிக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தார்.

"கட்டியத் தொட்டுப் பாத்துட்டு கொல்லப்பக்கம் போனீங்களே. அன்னைக்கா?"

அன்றைக்குத்தான். வேப்பமரத்தடியில் நின்று போனில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்திருந்தார். அமலியைச் சேர்த்து ஒன்று, அமலியை விட்டுவிட்டு ஒன்று. சேர்த்துப் போட்டு, ஒரு வருஷம் பொறுத்தால் லாபம் என்று வந்தது.

"ஆமா" என்றார். பிறகு பழக்கதோஷத்தில், "இப்ப ரேட் கொஞ்சம் ஏறியிருக்கும்" என்றும் சொன்னார்.

அமலி, கஞ்சி போதும் என்று கையைக் காட்டினாள்.