அளவுச் சட்டை ஏற்கப்படமாட்டாது

நாவற்குடாவில் பிரதான வீதியோரம் நான் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையின் வாசலில், திறந்த முதல் வாரமே ஓர் அட்டையைத் தொங்கவிட்டேன். "அளவுச் சட்டை ஏற்கப்படமாட்டாது. உடலில் மட்டுமே அளவு எடுக்கப்படும்." என் கையெழுத்து நன்றாக இருக்கும். வாசிக்க முடியவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல இடமில்லை.

வாசித்தார்கள். வாசித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பழைய பிளவுஸை எடுத்து மேசையில் வைத்தார்கள். "இந்த அளவுக்கே தையுங்க புள்ள." எங்கள் பக்கத்தில் தையற்கடைக்குப் போவதென்றால் இதுதான் முறை. புதுத் துணியோடு பழைய சட்டை ஒன்றையும் கொடுத்துவிடுவது. ஆள் போகத் தேவையில்லை, சட்டை போனால் போதும். நான் அந்தப் பழைய சட்டையை மடித்து அவர்களுடைய பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பேன். பாதிப்பேர் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். "பெரிய படிப்புப் படிச்ச திமிர்" என்று ஒருவர் படியில் இறங்கும்போது எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். ஓம், திமிர்தான். நாலு வருடம் படித்து நான் சம்பாதித்தது அது ஒன்றுதான். அதையும் ஏன் விடவேண்டும்?

நான் ஆடை வடிவமைப்பில் பட்டம் பெற்றவள். இந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க ஊரில் யாரும் என்னை விட்டதில்லை. "தைக்கப் படிக்க நாலு வருஷமா?" என்பார்கள். இல்லாவிட்டால் "அப்ப கார்மென்டுக்கா போகப்போற?" என்பார்கள், கார்மென்ட் தொழிற்சாலையில் தைக்கிற பிள்ளைகள் ஏதோ குற்றம் செய்தவர்கள் போல. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஒரு மணித்தியாலத்தில் தைக்கிற கொலரை நீங்கள் ஒரு மாதம் எடுத்தாலும் தைக்கமாட்டீர்கள் என்று ஒரு கலியாண வீட்டில் நான் திருப்பிச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் வாயை அடைக்க அப்பா படாத பாடு பட்டார்.

அப்பாவுக்கு வேறு திட்டம் இருந்தது. பட்டதாரிகளுக்கு அரச நியமனம் கொடுக்கப்போகிறார்கள் என்ற கதை வந்ததும் விண்ணப்பப் படிவத்தை வாங்கிவந்து, தன் மணிமணியான எழுத்தில் அவரே நிரப்பிவிட்டார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "கட ஓடினா ஓடட்டும் மகள். முடிவுத் திகதிக்குள்ள ஓடாட்டி இதில ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்." அவர் கெட்டவர் அல்ல. ஒரு கந்தோர்க் கதிரையில் நான் பத்திரமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தக் கதிரையில் உட்கார்ந்தால் பிறகு நான் எழும்பவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

இந்த அளவுச் சட்டையில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வதுண்டு. பல்கலைக்கழகத்தில் முதல் மாதம், இரண்டிரண்டு பேராக ஒருவரை ஒருவர் அளந்து, அந்த அளவுக்குத் தனக்கே ஒரு மேற்சட்டை தைக்கச் சொன்னார்கள். என் சோடியாக வந்தவள் ஓட்டமாவடிக்காரி. வகுப்பில் கிழக்கிலிருந்து போனவர்கள் நாங்கள் இரண்டுபேர்தான். ஆளை ஆள் தொடுவதற்கு எங்களுக்கு வெட்கம். நாடாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றோம். பிறகு அவள்தான் வழி சொன்னாள்.

"நீ உன்ட சட்டய அளந்து எழுது, நான் என்ட சட்டய அளந்து எழுதுறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

விடுதி அறையில் எங்களுடைய நல்ல சல்வார்களைக் கட்டிலில் விரித்து அளந்து எழுதினோம். வகுப்பில் தைத்து முடித்துப் போட்டுப் பார்க்கும் நாளில், என் சட்டை முன்பக்கம் சேரவே இல்லை. அவளுடையதற்குள் இன்னொரு ஆள் புகலாம். விரிவுரையாளர் எங்களைச் சுற்றி வந்து பார்த்தார். "இந்தச் சட்டைகள் யாருக்குத் தைத்தவை?" என்று அமைதியாகக் கேட்டார். வகுப்பு சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. என்னுடையது என் அக்காவுக்குத் தைத்தது. என் பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து தையற்கடைக்கு ஒரே அளவுச் சட்டைதான் போய்வந்தது, அது அக்காவுடையது. அவளுக்கு ஒடுங்கிய தோள், எனக்கு அகன்ற தோள். அக்குளடியில் இருக்கும் தையலைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்திவிட்டு என்னிடம் தருவார்கள். தோளில் இறுக்கும்போதெல்லாம் பிழை என் தோளில் என்று நினைத்தேன். கூனிக்கொண்டு நடந்தேன். ஒரு பிள்ளை தன் உடம்பைப் பிழை என்று நினைத்துக் கூனி நடந்ததற்கு ஒரு பழைய சட்டை காரணம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

ஆனால் ஆத்திரத்தை வைத்துக் கடை ஓடாது. எங்கள் ஊரில் தைக்கிறவர்கள் பிழைப்பது ஆசிரியைகளால். கலியாணங்கள் சில மாதங்களில்தான் வரும். டீச்சர்மாரோ வாரத்தில் ஐந்து நாளும் சாரி உடுத்தாகவேண்டும். ஒரு டீச்சரின் பிளவுஸ் நன்றாக விழுந்தால் அந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறையே பின்னால் வரும். முடிவுத் திகதிக்கு எட்டு நாள் இருக்கையில் என் கடைக்கு ஒரு டீச்சருடைய பை வந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு டீச்சர். உன்னிச்சைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு அதிபராகப் போக இருந்தார். புதுப் பதவிக்கு ஆறு பிளவுஸ்.

பைதான் வந்தது, டீச்சர் வரவில்லை. எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த அம்மா, நான் வெளியில் போயிருந்த நேரம் அதை ஓட்டோக்காரரிடம் வாங்கி வைத்துவிட்டார். ஆறு துணி, மேலே ஒரு பழைய பிளவுஸ்.

"அட்டைய ஓட்டோக்காரர் வாசிக்கல்லயா?" என்றேன்.

"வாசிச்சவர். நான்தான் பரவால்ல வைச்சிற்றுப் போங்க எண்டனான். இந்த ஒருக்கா மட்டும் விடு புள்ள. மறுகா உன்ட அட்டயக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இரி."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. டீச்சருக்கு அழைப்பெடுத்து, நேரில் வந்தால்தான் வெட்டுவேன் என்றேன். மறுநாள் பாடசாலை விட்ட கையோடு வந்தார். புத்தகக் கட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி, உட்காராமல் நின்றார்.

"ஆக்கள் நல்லமெண்டு சொன்னதால தந்தனான். தைக்க ஏலாட்டி சொல்லுங்க, கொண்டுபோறன்."

"தைக்க ஏலும் டீச்சர். அளவு வேணும்."

"அளவுதான் பைக்குள்ள இரிக்கே."

"அது சட்டையிட அளவு. உங்கட அளவில்ல."

"கணக்குப் படிப்பிக்கிற எனக்கு நீங்க அளவு சொல்லித்தர வேணாம்."

நான் அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. "கணக்குப் படிப்பிக்கிற நீங்களே, கேள்விய வாசிக்காமப் பக்கத்துப் புள்ளயப் பார்த்து விடை எழுதலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. போய்விடுவார், ஆசிரியர் அறையும் அவரோடு போய்விடும், எட்டாம் நாள் அப்பாவின் பேனை என் கையில் இருக்கும் என்று நினைத்தேன். அவர் போகவில்லை.

"கதவச் சாத்துங்க" என்றார்.

சாத்தினேன். புத்தகக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, சாரியின் முன்பக்கத்தை ஒரு கையால் தொட்டுக் காட்டினார். "அஞ்சு வருஷத்துக்கு முதல் இடது பக்கத்த எடுத்திட்டாங்க. புற்றுநோய். அந்தச் சட்ட அதுக்கு முதல் தைச்சது. அந்த அளவுக்கே எல்லாத்தையும் தைப்பிச்சு, உள்ளுக்க நாலு லேஞ்சி மடிச்சு வைக்கிறன். பலகையில எழுதக் கையத் தூக்கக்குள்ள அது கீழ இறங்கிரும். அதுக்குத்தான் எப்பவும் புத்தகத்த அணைச்சுக்கொண்டு நிக்கிறது. புள்ளயள் நினைக்கிறதுகள் எனக்குப் புத்தகத்தில அவ்வளவு பாசமெண்டு."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். அட்டையை எழுதும்போது, அளவுச் சட்டை என்பது சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆளை ஆள் பார்க்காமல் இருப்பதற்கும் அது ஒரு மரியாதையான வழி என்பது அந்த அறையில்தான் விளங்கியது. யாரும் எதுவும் கேட்கவேண்டியதில்லை, யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்த மரியாதைதானே இந்த மனுசியை ஐந்து வருடம் நாலு கைக்குட்டையோடு நிற்கவைத்தது? இல்லாத ஓர் உடம்புக்கு ஊரே தைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இருக்கிற உடம்புக்கு ஒருவர்கூடத் தைக்கவில்லை.

"அப்ப கட்டாயம் அளக்கத்தான் வேணும் டீச்சர்" என்றேன். "லேஞ்சிய எடுத்திற்று வாங்க."

 அறை மூலையில் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போனார். வந்து நின்றபோது கண்ணை மூடிக்கொண்டார். தோள், கழுத்து, கைக்குழி என்று எழுதிக்கொண்டே வந்தேன். இடது பக்கத்தை அளக்கையில் அவருடைய மூச்சு நின்றது, நான் நாடாவை எடுத்த பிறகுதான் வந்தது. "கிறுகுங்க டீச்சர்" என்றேன். கிறுகி முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகும் கூனித்தான் இருந்தது.

இந்தக் கதையை எழுதலாமா என்று பின்னர் ஒருநாள் அவரிடம் கேட்டேன். "பேரப் போடாம எழுதுங்க" என்றார்.

பிளவுஸ் வெட்டும்போது முன்பக்கத்தில் பாதியைத்தான் கடதாசியில் வரைவோம். மற்றப் பக்கமும் அதேதான் என்ற நம்பிக்கையில் துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் வெட்டுவோம். மடிக்கவே முடியாத ஒரு துணியை அன்றைக்குத்தான் முதன்முதல் மேசையில் விரித்தேன். வலதுக்கு ஒரு கடதாசி, இடதுக்கு வேறொரு கடதாசி. வலதில் மார்புக்குக் குவிவு வரப் பிடிக்கிற டாட் மடிப்பு இரண்டு. இடதில் டாட் இல்லை, வடு உரசாத மெல்லிய உட்துணி. முதலில் வெள்ளைத் துணியில் தைத்துப் பார்த்தேன், கைக்குழி பிழைத்தது, பிரித்தேன், திரும்பவும் வரைந்தேன். வாவிப் பக்கத்துக் காற்று கடதாசிகளைக் கிளப்பிக்கொண்டே இருந்தது. அவற்றின்மேல் கத்தரிக்கோல், கோப்பை, என் முழங்கை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்தேன். நாலு வருடம் எதற்குப் படித்தாய் என்று கேட்டவர்கள் எல்லாரையும் அந்த மேசைக்கு இழுத்துவந்து காட்டவேண்டும் போல இருந்தது.

காட்ட முடியாது என்பதும் தெரியும். இந்த டீச்சர் தன் பிளவுஸைப் பற்றி ஆசிரியர் அறையில் எப்படிச் சொல்வார்? எந்த வாடிக்கை என் கடையைக் காப்பாற்றும் என்று அம்மா நினைத்தாரோ, அது வெளியில் சொல்ல முடியாத வாடிக்கையாகிவிட்டது. எட்டாம் நாள் வந்தபோது என்னிடம் இருந்தது அந்த ஒரே ஓர் ஓடர்தான்.

அன்றைக்கு அப்பா இரண்டுதரம் அழைப்பெடுத்தார். நான் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் படிவத்தோடு மோட்டார் சைக்கிளில் ஆளே வந்துவிட்டார். நான் நல்ல துணியில் முதல் வெட்டை வைத்துக்கொண்டிருந்தேன்.

"நாலு மணிக்குப் பிரதேச செயலகத்தில குடுக்கோணும். ஒரு கையெழுத்துத்தானே மகள்."

"ஓம் அப்பா, ஒரு கையெழுத்துத்தான். நான் போடமாட்டன்."

"பிறகு அழுறேல்ல."

"அழுதா இஞ்சயே இருந்து அழுறன்."

கொஞ்சநேரம் நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் துணி நேராக வெட்டுப்பட்டது.

டீச்சர் போட்டுப் பார்க்க வந்த அன்று கதவை அவரே சாத்தினார். உள்ளே ஒன்றும் வைக்காமல் பிளவுஸைப் போட்டு, சாரியைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். இடது பக்கம் தட்டையாக, ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தது. வலது பக்கம் வலது பக்கமாக இருந்தது. 

"முன்னுக்கு நிண்டு பேசக்குள்ள ஆக்களுக்கு வித்தியாசம் தெரியுமா?" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓம் டீச்சர்," என்றேன். "உத்துப் பார்த்தா தெரியும்."

பலகையில் எழுதுவதுபோல வலது கையை மேலே தூக்கினார், இன்னும் மேலே தூக்கினார். எதுவும் கீழே இறங்கவில்லை. இடது கை எதையும் அணைக்காமல் சும்மா தொங்கியது.

"தெரியட்டும்" என்றார். "மற்ற அஞ்சையும் இப்பிடியே வெட்டுங்க."