ஸ்ரீகலாவின் பின்னறையில் ஃபுல் ரேஞ்சு

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குன்னத்துகாலில் ஸ்ரீகலாவைத் தெரியாதவர் குறைவு. யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும், தமிழோ மலையாளமோ, அவள்தான் எழுதித் தருவாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வயது நாற்பத்திரண்டு. கணவன் என்றொருவன் இருந்தான், போய்விட்டான். அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். தாய் உமையம்மாள் பக்கவாதத்தில் விழுந்தபிறகு, அதே வேலையை வீட்டிலிருந்து செய்யக் கெஞ்சி அனுமதி வாங்கினாள். பின்னறையில் தாயின் கட்டிலை ஒட்டி மேசை. காதில் ஹெட்செட். கம்ப்யூட்டர் வழியாக வருகிற அழைப்புகளுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்வாள், இடையில் தாய்க்குக் கஞ்சி கொடுப்பாள், மூத்திரத் துணி மாற்றுவாள்.

அந்த வீட்டுக்கு இன்டர்நெட் கொடுத்தவன் நான், விஜயதாஸ். கேபிள் டிவி காலத்திலிருந்து போஸ்ட் ஏறி வயர் இழுக்கிறவன். இப்போது சஜு என்பவனிடம் வேலை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாரை நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது, என்னையும் சேர்த்துத்தான்.

பேச்சுக்கு நடுவில் அழைப்பு முறிகிறது என்று அவள் புகார் செய்தாள். போய்ப் பார்த்தேன். பழைய வெட்டுக்கல் வீடு. முன்னறையில் இருந்த எங்கள் இன்டர்நெட் பெட்டிக்கும் அவள் மேசைக்கும் நடுவே மூன்று தடித்த சுவர்கள். பின்னறை வரை வயர் இழுப்பதுதான் மரியாதையான வேலை. சஜுவிடம் போனில் சொன்னேன்.

"வயரு இழுத்தா அரை நாளு போவும் அண்ணா. ஒரு ரிப்பீட்டரை அவியளுக்க மேசையிலயே வச்சிட்டு வாரும். ரேஞ்சு ஃபுல்லு காணிக்கும்."

சிக்னல் கோடு முழுசாகக் காட்டத்தான் செய்யும். முன்னறைப் பெட்டியிடமிருந்து கிடைப்பதை வாங்கி அடுத்த அறைக்குத் தருவது ரிப்பீட்டர். அதைப் பாதி வழியில் வைக்க வேண்டும். மேசைமேல் வைத்தால் கம்ப்யூட்டர் அளப்பது தனக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள ஒரு முழத்தைத்தான். ரிப்பீட்டருக்கே ஒழுங்காக ஒன்றும் வராதது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன். ஸ்கிரீனில் தெரியும் ரேஞ்சைப் படம் எடுத்து எங்கள் ஆப்பில் ஏற்றினால் புகார் முடிந்தது என்று கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்களுக்கு ஒரு போட்டோ போதும்.

முதல் தடவையையும் சேர்த்து அவள் நாலு தடவை கூப்பிட்டாள். நாலு தடவையும் போய்ப் படம் எடுத்தேன்.

"ஃபுல்லு காணிக்குது, பின்ன எதுக்கு அண்ணா முறியுது?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டருக்க கொளாறு ஆக்கும் மோளே."

பாவம், நம்பினாள். கம்ப்யூட்டரைப் பாறசாலையில் ஒரு ரிப்பேர் கடைக்கு பஸ்ஸில் கொண்டுபோய் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து மறுபடி ஏற்றினாள், வைஃபை கார்டை மாற்றினாள். அழைப்பு முறிந்துகொண்டே இருந்தது. திட்டுகிற வாடிக்கையாளர் வந்தால் இவளே துண்டிக்கிறாள் என்று கம்பெனி சந்தேகப்பட்டது. நெட் கொடுப்பவரின் அறிக்கை கேட்டார்கள். இவளும் நல்லதென்று நினைத்து சஜுவிடம் கேட்டாள். அவன் நான் எடுத்த நாலு படத்தையும் அனுப்பி வைத்தான். நாலிலும் ஃபுல். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் கொடு, இல்லையென்றால் வேலை இல்லை என்று கம்பெனி கடிதம் அனுப்பியது.

புதன்கிழமை என்னை வரச் சொன்னாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு முன்னறைக்குப் போய் எங்கள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்து வந்தாள். முந்தின நாள் துணி தேய்க்க அந்தப் பிளக்கை உருவியபோது கண்டுபிடித்தாளாம்.

"இப்ப ரேஞ்சைப் பாரும் அண்ணா."

ஃபுல்.

"பெட்டிக்கு கரண்டே இல்ல. இதையாக்கும் நீரு நாலு தடவ போட்டோ எடுத்தது."

கட்டிலில் இருந்து உமையம்மாள் என்னையே பார்த்தாள். எனக்கு எழுந்து ஓடத் தோன்றியது. ஸ்ரீகலா கத்தவில்லை. நடந்ததை அந்த நல்ல கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். காட்டிய ரேஞ்சு தவறு, லைனில் குறை உண்டு, அவ்வளவுதான். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

"ஒரு ஒப்பு போட்டுத் தாரும். அது போதும்."

"சஜுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நாளைக்கு வாறேன்" என்றேன்.

சஜு சிரித்தான். "ஒப்பு போட்டா நாளைக்கு எல்லாவனும் தாளோட வருவான். பின்ன உமக்கும் வேல இருக்காது."

ஐம்பத்துநாலு வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்? வியாழன் போகவில்லை. வெள்ளியும் போகவில்லை. அவள் போன் வந்தபோது எடுக்கவில்லை.

வேலை போயிற்று. வேண்டுமென்றே அழைப்பைத் துண்டித்தாள் என்று எழுதி அனுப்பினார்கள். அடுத்த வாரம் இணைப்பை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பெட்டிகளைத் திரும்ப எடுக்க என்னையே அனுப்பினான் சஜு. அவள் இரண்டையும் தூசி துடைத்து வயரைச் சுற்றி வைத்திருந்தாள்.

"ஒப்பு போடாததுல எனக்கு வெசனம் இல்ல. கம்ப்யூட்டருக்க கொளாறுன்னு சொன்னீரு பாரும், அத நம்பி அம்மைய தனியா போட்டுட்டு பாறசாலைக்கு ஓடினேன். அதாக்கும் வெசனம்" என்றாள்.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்று மதியமே அந்த ரிப்பீட்டரை வெள்ளறடையில் இன்னொரு வீட்டு மேசைமேல் வைத்து, ஃபுல் ரேஞ்சைப் படம் எடுத்து ஏற்றினேன்.