டிரில் மாஸ்டரின் மாசி இருபத்தொன்று

பந்தின் வாயைப் பிரித்து, உள்ளேயிருக்கும் ரப்பர் பையைப் பம்பால் ஊதி, காம்பை நூலால் கட்டி உள்ளே தள்ளி, தோல் வாரை ஓட்டை ஓட்டையாக இழுத்து முடிகிறார் பாலுசாமி மாஸ்டர். விடிந்து அரை மணி ஆகியிருக்கும். பந்தை வாசலில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "ராசாத்தா, தலையக் கொண்டா கண்ணு" என்று கூப்பிடுகிறார். ஆறு வயது மகள் வந்து முதுகைக் காட்டி உட்காருகிறாள். வாரை இழுத்த விரல்களே சடையையும் பின்னுகின்றன. சாயங்காலம்வரை அது அவிழாது. எங்கள் வீட்டு வரிசையில் வேறெந்த ஆண்பிள்ளையும் இந்த வேலை செய்து நான் பார்த்ததில்லை. பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். "சிரிங்கம்மணி, சிரிங்க. உங்க ஊட்டுக்காரருக்கு ஒரு முடிச்சாவது போடத் தெரியுமுங்களா?" என்பார், தலை நிமிராமலே.

அவருக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பம். நான்காம் பாரத்தோடு படிப்பை விட்டு மில்லுக்கு வந்தவர், அங்கே வெள்ளைக்காரர்கள் ஆடிய பாஸ்கட் பாலை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். ஒருநாள் ஆள் குறைந்தபோது உள்ளே கூப்பிட்டார்களாம். அதற்குப்பின் மதராஸ் போய் ஒரு வருஷம் டிரில் பயிற்சி. "ஏரு புடிக்கற கையில பந்தா?" என்று அப்பாரு ஆறு மாசம் பேசவில்லை.

திரும்பி வந்து ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டரானதும் பனந்துண்டு இரண்டை நட்டு, மாம்பலகை அடித்து, கொல்லனிடம் இரும்பு வளையம் செய்து மாட்டினார். தேங்காய் நாரில் வலை. வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெரியவர், "ஏனுங் மாஸ்டரே, கூடைக்கு அடி இல்லீங்களே, பந்து எப்பிடி நிக்குமுங்க?" என்று கேட்டார். "நிக்கறதுக்கில்லீங்க, கீழ உழுகறதுக்குத்தானுங்க" என்றார் மாஸ்டர். பெரியவர் நம்பவில்லை.

மைதானத்தில் அவர் சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை. எதிரே இருப்பவனைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்தைக் கொடுக்கச் சொல்லித் தருவார். சாயங்காலம் ஆறரைக்கு வீடு. அதில் ஐந்து நிமிஷம் பிந்தினாலும் அவர் மனைவி சாமியாத்தாள் ராகிக் களியை மூடி வைத்துவிட்டு, "பந்துக்குப் பசிக்காதுங்க, புள்ளைக்குப் பசிக்குமுங்க" என்பாள்.

ஒன்றில் மட்டும் அவருக்குக் கணக்கு வராது. பள்ளிக்கூடத்துக் காரியத்தை இங்கிலீஷ் தேதியில் வைத்திருப்பார். சொந்தக்காரர் காரியத்தைத் தமிழ் மாசத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. சென்ற வருஷம் தங்கை பூவாத்தாள் தன் பையனுக்கு மாசி இருபத்தொன்றில் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து வைத்தாள். பள்ளி அணியின் தலைவன் அமீர் ஹம்சா, பாஸ்கட் பால் பந்தயத்தின் கடைசி ஆட்டம் மார்ச் நாலு என்றான். இரண்டுக்கும் "ஆச்சு, வந்தர்றேன்" என்றார் மாஸ்டர்.

சாமியாத்தாள்தான் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, ரெண்டும் ஒரே நாளுங்க" என்றாள்.

விஷயம் தெரிந்து பூவாத்தாள் நேரிலேயே வந்துவிட்டாள். தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்துவது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

"வரமுடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்கண்ணா. சித்தப்பன் ஊட்டு அண்ணன உக்கார வெச்சுக்கறேன். அப்பறம் எங்க ஊட்டு வாசல்ல கால் வெக்காதீங்க."

"காலைல ஒம்போதுக்குத்தான முகூர்த்தம்? முடிச்சுப்போட்டு மத்தியான பஸ்ல வந்தனா, நாலு மணி ஆட்டத்துக்கு வந்துருவேன். ரெண்டும் ஆச்சு."

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. எனக்கு ஒரு மகன்தானுங்க" என்றாள் அவள்.

அமீர் ஹம்சாவுக்கும் கவலை. "பஸ் பிந்திப்போச்சுன்னா நாங்க என்ன சார் பண்றது?"

"ஆடறதுதான். ஆட்டத்து நடுவுல கோச்சு வாயத் தொறந்தா பவுல்ன்னு ரூல்ஸே இருக்குது. நான் அங்க வந்தாலும் ஊமைதான். சொல்ல வேண்டியத அஞ்சு வருசமாச் சொல்லிப்போட்டேன் கண்ணு."

சாமியாத்தாள் கூப்பிட்டதால் காதுகுத்துக்கு நானும் போயிருந்தேன். கோயிலில் மணி ஒன்பதானது, பத்தானது. காது குத்த வேண்டிய ஆசாரி வேறொரு விசேஷத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அடுத்த நல்ல நேரம் பன்னிரண்டரை என்றார் பூசாரி. மத்தியான பஸ்ஸும் அதே நேரத்துக்குத்தான். அதற்கு அடுத்த பஸ் பொழுது சாய்ந்துதான்.

ஆசாரி வேர்த்து விறுவிறுத்து வந்து பொன் ஊசியை எடுத்தபோது, மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடத் தயாராக இருக்கிற ஆள் மாதிரி இருந்தது. சித்தப்பன் வீட்டு அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பூவாத்தாள் பையனை இடுப்பிலிருந்து இறக்காமல் அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இன்னொரு முறை நீளமாகக் கேட்டது.

மாஸ்டர் சாலைப் பக்கம் திரும்பவில்லை. மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, மண்ணில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் பையன் பக்கம் நீட்டினார்.