சம்பந்தி நின்ற தேர்தல்

தொலைக்காட்சியில் இரண்டு தலைவர்கள் கூட்டணி பேசி முடித்துச் சால்வை மாற்றிக்கொள்கிறார்கள். மேடையில் பதினான்கு பேர். எண்ணாமல் இருக்க எனக்கு வராது.

நான் சிறுவனாக இருந்தபோது ஜில்லா போர்டு தேர்தலில் அப்பாவுக்கு எதிராக நின்றவர், ஒரு காலையில் விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு ஆட்களோடு வந்தார். கூடமெல்லாம் வெற்றிலையும் சந்தனமும் மணத்தன.

"பொண்ண எம் மகனுக்குக் குடுங்கண்ணே, நீங்க விலகிக்கங்க. நான் ஜெயிச்சாலும் ஒரே வீடுதானே" என்றார். அப்பா சிரித்தார்.

அடுக்களையில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"எத்தன பேருடா வந்திருக்காக?"

"பதினொண்ணு."

"அதுல மாப்பிள்ளை யாரு?"

மறுபடி போய்ப் பார்த்தேன். பதினொரு பேருக்கும் நரைத்த மீசை. கூடத்திலிருந்து அடுக்களைக்குப் பதினாறு காலடி. மாப்பிள்ளை வரவில்லை என்று அவளிடம் சொல்லப் போவதற்குள் தட்டு மாற்றிவிட்டார்கள்.