வெர்லின் ட்வெட்டும் கடைசித் துண்டும்

எங்கள் மினசோட்டா ஊர்க் கல்லூரியில் மொத்தமே நானூறு பேர். அதிலிருந்து ஒருவன் போய்த் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் பதின்மூன்று வருடம் ஆடினான் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நாங்களும் நம்பவில்லை, குறிப்பாக நான். கல்லூரி அணியில் அவனும் நானும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டோம். இப்போது நான் மாட்டுத் தீவனம் விற்கிறேன்.

வெர்லின் ட்வெட் ஆடியது டைட் எண்ட். வரிசையின் ஓரத்தில் நின்று, எதிரே வரும் தடியன்களை முட்டித் தள்ளிப் பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி செய்ய வேண்டும். வேறு ஆளே அகப்படாவிட்டால் அவனுக்கும் பந்து வீசுவார்கள். அவன் பிடித்த பந்துகளைவிட ஒடித்துக்கொண்ட விரல்கள்தான் அதிகம் என்று ஊரில் சொல்வோம். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை.

ஆகஸ்டு வந்தால் அணியில் ஆள் குறைப்பார்கள். ஊழியர் ஒருவர் கதவைத் தட்டி, "கோச் கூப்பிடறாரு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்றால், அணியின் உத்திகள் எழுதிய அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். இந்த வருடம் மூட்டை கட்டிவிடுவான் என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் காபிக் கடையில் அடித்துச் சொன்னேன். பதின்மூன்று முறையும் என் முகத்தில் கரி.

பதினான்காவது ஆகஸ்டில் ஒரே இடம் பாக்கி. அதற்கு வெர்லினும், அந்த வருடம் சேர்ந்த புது ஆட்டக்காரன் ஒருவனும். இன்னும் ஒரு வருடம், ஒரே ஒரு வருடம் என்று வெர்லின் தவித்தான். முட்டித் தள்ளுவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம். சர்ச் விருந்தில் தட்டிலிருக்கும் கடைசித் துண்டு கேக்கை யாரும் எடுக்க மாட்டோம். பாதியாக வெட்டுவோம், அந்தப் பாதியையும் பாதியாக வெட்டுவோம், மிச்சம் காய்ந்து கிடக்கும். ஒருவர் வேண்டாம் என்றால் மூன்று முறை வற்புறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் கை நீட்டுவார். இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வெர்லின், யாரும் கூப்பிடாமலே, புத்தகத்தோடு கோச்சின் அறைக்குப் போனான்.

"உங்களுக்கு எதுக்குச் சங்கடம்? அந்த இடத்தைப் புதுப் பையனுக்கே குடுத்துடுங்க."

சொல்லிவிட்டு வற்புறுத்தலுக்காகக் காத்து நின்றான். கோச் டெக்சாஸ்காரர், எங்கள் ஊர் மரியாதை தெரியாதவர். "சரிப்பா" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். அவர் மேசையிலிருந்த அணிப் பட்டியலில், அந்தக் கடைசி இடத்தில், வெர்லின் பெயர்தான் எழுதியிருந்தது. அவன் கண் முன்னாலேயே அதை அடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்து. தட்டில் ஒரே ஒரு துண்டு கேக். வழக்கம்போல எல்லோரும் கத்தியோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"எடுத்துக்கோடா வெர்லின், நீதான் பெரிய ஆட்டக்காரனாச்சே."

ஒரு முறைதான் சொன்னேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுத் துண்டையும் எடுத்து, நின்றபடியே, தூள்கூட விடாமல் தின்றான்.

"இந்தப் புத்தி போன வாரம் வந்திருக்கக் கூடாதா?" என்றாள் அவன் மனைவி மார்லிஸ்.

யாரும் சிரிக்கவில்லை. பதின்மூன்று வருடமாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. காலித் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.