அப்பா சொன்ன குற்றம்

என் நாவலில் வரும் அப்பாவை வாசகர்களுக்குப் பிடிப்பதில்லை. பிடிக்கக் கூடாது என்றுதான் எழுதினேன். ஓசியில் வந்த அரிசிக்கும் நொட்டை சொல்கிற மனுஷனை யாருக்குப் பிடிக்கும்? போன மாதம் கோவையில் நடந்த கூட்டத்தில்கூட ஒரு பெண் எழுந்து, இப்படியும் ஒரு அப்பா இருப்பாரா என்று கேட்டார். இருந்தார், எங்கள் வீட்டிலேயே இருந்தார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்னூர்ப் பக்கம் எங்கள் கிணறு வற்றிய வருஷம் அது. அப்பா போர் போட்டார், புழுதிதான் வந்தது. அப்புறம் வேளைக்கு வேளை ராகிக் களி, சில நாள் அதுவும் இல்லை. எனக்கும் தம்பிக்கும் அரிசிச் சோற்றை நினைத்தாலே அழுகை வரும். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, சத்தியமங்கலத்தில் வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைவித்துக்கொண்டிருந்தார். ஆனால் பெண்டாட்டி வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வந்தாலும் அப்பா வாசலைத் தாண்ட விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

மாமா ஒரு தந்திரம் செய்தார். மஞ்சப்பையில் அரிசியோடு வந்து, புது ரகம் போட்டிருக்கிறேன், விற்பதற்கு முன்னால் மாப்பிள்ளை ருசி பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அப்பாவின் நாக்கு அப்படிப்பட்டது. விசேஷ வீடுகளில் சமையல்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குண்டாவை இறக்குவார்கள். அம்மா உடனே உலை வைத்தாள். அப்பா ஒரு வாய் மென்றார். குழைகிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு, எனக்குக் களியே போதும் என்றார்.

மாமா அசரவில்லை. அடுத்த மாதம் வேறு அரிசி வந்தது. தவிட்டு வாசம் என்றார் அப்பா. அதற்கடுத்ததில் கல். மஞ்சப்பை போய் மூட்டை வந்தது; ருசி பார்த்தது போக மிச்சம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். ருசி பார்ப்பதற்காக அரை மூட்டை அரிசியைப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்த மனிதர் எங்கள் மாமா ஒருவராகத்தான் இருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமா கோபித்துக்கொண்டு வராமலே போய்விட்டால் என்ன ஆகும்? ஒருநாள் அப்பா மறுபடியும் குழைகிறது என்று சொன்னதும் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

“நல்லாத்தானுங்க மாமா இருக்குது. ஒரு குத்தமும் இல்லீங்க. அப்பா சும்மா சொல்றாங்க.”

அப்பா காதுவரை சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாமாதான் சிரித்துச் சமாளித்தார். “புள்ளைக்கு என்னங்க தெரியும்? நீங்க சொல்லுங்க மாப்ள.”

“கொழையத்தானுங்க மச்சான் செய்யுது” என்றார் அப்பா. அப்படியானால் அடுத்த மாதம் வேறு கொண்டுவருகிறேன் என்று மாமா நிம்மதியாகக் கை கழுவினார்.

நியாயம் பேசிய என்னை மாமாவே கைவிட்டுவிட்டாரே என்று அன்று முழுக்க அழுதேன். அந்தக் கோபம் ஆறவே இல்லை. நாவல் முழுக்க அதுதான்.

அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. அம்மா எழுத்துக் கூட்டிக் கூட்டி நாவலை இப்போதுதான் படித்து முடித்தாள். மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நல்லாருக்குதுன்னு ஒருக்காச் சொல்லிப்போட்டா, அடுத்த மாசம் மாமன் என்ன சாக்குச் சொல்லிக் கொண்டாருவாங்க கண்ணு?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அரிசிச் சோறுன்னா உங்கப்பாவுக்கு உசுரு.”

குழைகிறது என்று அப்பா தள்ளிய தட்டு ஒவ்வொரு தடவையும் எங்கள் பக்கமாகத்தான் வந்தது. எவ்வளவு திமிர் இந்த மனுஷனுக்கு என்று கறுவிக்கொண்டே அதை இழுத்து வழித்துத் தின்றேன்.